கராஜ்பேண்டில் மிஸ்ர சாபு: லூப் திரும்பும் இடத்தில் மட்டும் தாளம் இடிக்கிறது, உதவி வேண்டும்

ஆறுகம்பி:
ஐபோன்ல கராஜ்பேண்ட் (இசைப் பதிவு ஆப்), ஸ்மார்ட் கிடார், டெம்போ 120, 4/4, ஈ மைனர் ஒரே கார்டு. மிஸ்ர சாபு ஏழு எண்ணிக்கைத் தாளம், அதனால தகிட தக திமின்னு ஏழு அரை பீட் எண்ணி ஸ்ட்ரம் பண்ணிப் பதிவு செய்யறேன். ஓடும்போது சரியா இருக்கு. லூப் தலைக்குத் திரும்பும்போது மட்டும் அரை பீட் இடிக்குது. டைம் சிக்னேச்சர்ல 4/4, 3/4, 6/8 மூணுதான் இருக்கு, 7/8 இல்ல. எங்க தப்பு?

கருப்புவெள்ளை:
கை சரி, பார் கணக்குதான் இடிக்குது. செக்‌ஷன் (பாட்டோட ஒரு பகுதி) நீளத்தை மாத்தாம விட்டா 8 பார். 4/4ல பாருக்கு 8 அரை பீட், மொத்தம் 64. ஏழேழா எடுத்தா 9 சுற்று போக ஒண்ணு மிச்சம். உங்களுக்கு இடிக்கிறது அந்த ஒண்ணுதான்.

ரூலரோட (மேல பார் எண்கள் இருக்கிற பட்டை) வலது ஓரத்துல இருக்கிற கூட்டல் குறியைத் தட்டுங்க. செக்‌ஷன் ஏ-க்குள்ள போய் ஆட்டோமேட்டிக்கை அணைச்சுட்டு 7 பார் வைங்க. 56 அரை பீட், சரியா 8 சுற்று. நீளம் வேணும்னா 14, 21னு ஏழோட மடங்குல மட்டும் போங்க. டைம் சிக்னேச்சரைத் தொட வேண்டாம். ஆட்டோபிளே (தானா வாசிக்கிற வசதி) ஆஃப்ல இருக்கட்டும், அதுல இருக்கிற பேட்டர்ன் ஏழுக்கு ஒத்து வராது.

எடிட்டர்ல சரிபார்க்க ஒரு வழி இருக்கு. முதல் பார்ல சமம் (சுற்றோட முதல் எண்ணிக்கை) 1வது அரை பீட்லயும் 8வதுலயும் விழும். 2வது பார்ல 7வதுல, 3வதுல 6வதுல, இப்படியே ஒண்ணொண்ணா முன்னாடி வந்து 7வது பார்ல 2வதுல நிக்கும். படிக்கட்டு மாதிரி தெரியும். படி எங்க உடையுதோ அதுக்கு முந்தின சுற்றுல எண்ணிக்கை விட்டிருக்கு.

மெட்ரோனோமை நம்பி வாசிக்காதீங்க. ஒரு சுற்றுக்கு மூணரை பீட். ஒரு சுற்றுல க்ளிக் சமத்து மேலயே விழும், அடுத்ததுல சமத்தைத் தாண்டி விழும். கை தன்னால எட்டுக்கு இழுக்கும். முதல்ல டிரம்ஸ் டிராக் ஒண்ணு போடுங்க: சுற்றோட 1ல கிக், 4லயும் 6லயும் கைத்தட்டு. அதை குவாண்டைஸ்ல (அடிகளைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்துற வசதி) ஸ்ட்ரெய்ட் 1/8 வச்சு இறுக்கிட்டு, மெட்ரோனோமை அணைச்சுட்டு அது மேல கிடார் வாசிங்க. பியானோ சேர்த்தா இடது கையும் இதே இடங்கள்லதான்: 1ல ஈ, 4ல பி, 6ல மேல் ஈ.

ஆறுகம்பி:
7 பார் வச்சதும் இடிக்கிறது நின்னுடுச்சு, ரொம்ப நன்றி. ஆனா கிடார் டிரம்ஸுக்குப் பின்னாலயே வருது. கிடாருக்கும் 1/8 குவாண்டைஸ் போட்டா ஸ்ட்ரோக் எல்லாம் அடுத்த எண்ணிக்கைக்குத் தாவுது, ஸ்ட்ரம்மோட உரசலும் போயிடுது. ஹெட்ஃபோன் ப்ளூடூத்.

தவில்விரல்:
ப்ளூடூத்தை விட்டுடுங்க. தாமதம் 150 மில்லி நொடின்னு வச்சுக்கோங்க. டிரம்ஸ் அவ்வளவு பிந்தித்தான் காதுக்கு வருது. அதைக் கேட்டு நீங்க தேய்க்கிற ஸ்ட்ரோக்கும் அவ்வளவு பிந்தித்தான் பதிவாகுது. 120 டெம்போல அரை பீட் 250 மில்லி நொடி. 150 அதுல பாதிக்கு மேல, அதனால குவாண்டைஸ் பக்கத்துக் கட்டம்னு அடுத்ததைப் பிடிக்குது.

வயர் ஹெட்ஃபோன், இல்லன்னா போன் ஸ்பீக்கர்ல கேட்டு மறுபடி பதிவு பண்ணுங்க. கிடாருக்கு குவாண்டைஸ் வேண்டாம்: ஸ்ட்ரம்ல கம்பிகள் ஒண்ணு பின்னால ஒண்ணா ஒலிக்கணும், அது எல்லாத்தையும் ஒரே கோட்டுல அடுக்கிடும். விலகின ஸ்ட்ரோக்கை மட்டும் எடிட்டர்ல மொத்தமாத் தேர்ந்து நகர்த்துங்க.