பாலத் தொய்வு அளவீட்டில் இரு தூண்களுக்கு நடுவில் வரும் பிழை: ஆலோசனை தேவை

கொள்ளிடத்தின் குறுக்கேயுள்ள ஒரு முன்தகைவுக் கான்கிரீட் (உள்ளிருக்கும் எஃகுக் கம்பிகளை இழுத்து முன்கூட்டியே அழுத்தம் தந்த கான்கிரீட்) பாலத்தின் சுமைச் சோதனையில், 30 மீட்டர் கண்ணின் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியின்) நடுத்தொய்வு டயல் கேஜில் (தொட்டு அளக்கும் முள் அளவியில்) 6 மி.மீ. என்றும், ஒளிப்பட அளவியலில் (படங்களிலிருந்து அளவிடும் முறையில்) 9 மி.மீ. என்றும் வருகிறது. வேறுபாடு தூண்களருகே சுழியமாகவும் நடுவில் உச்சமாகவும் இருப்பதால், லென்ஸின் ஆரத் திரிபு (படத்தில் நேர்கோடுகளை வளைத்துக் காட்டும் குறை) முழுமையாக நீங்கவில்லை என்றே கருதுகிறேன்.

நிக்கான் டி850 கேமரா, 35 மி.மீ. லென்ஸ், படங்களிலிருந்து முப்பரிமாண அளவுகளைக் கணக்கிடும் மெட்டாஷேப் மென்பொருள் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆற்றில் நீர் ஓடுவதால் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (இடம் துல்லியமாகத் தெரிந்த குறிகளை) தூண்களில் மட்டுமே அமைக்க முடிந்தது. வெயில் ஏறுமுன் படமெடுத்தும், சாய்கோணப் படங்களைச் சேர்த்தும், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுத்தும் பிழை குறைந்ததே தவிர நீங்கவில்லை. சுமை இறக்கியபின் தொய்வின் மீட்சி 85 விழுக்காட்டை எட்டுகிறதா என்று முடிவு செய்ய வேண்டியிருப்பதால், இந்த 3 மி.மீ. வேறுபாட்டைப் புறக்கணிக்க இயலாது.

சுமைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களுக்கு இதுவரை கேமரா அளவுத்திருத்தத்தை (லென்ஸ் திரிபு போன்றவற்றைக் கணக்கிட்டு நீக்குவதை) தனித்தனியே கணக்கிட்டு வந்தேன். அவற்றை ஒரே தொகுப்பாக்கிப் பொதுவான திருத்தத்துடன் கணக்கிட்டால் இப்பிழை நீங்குமா?