முதல் சொந்த பௌலிங் பந்து: கடையில் காட்டுவது எனக்குச் சரிப்படுமா? எடை, கவர், துளை மூன்றிலும் சந்தேகம்

புதுப்பந்து:
வணக்கம். டென்பின் பௌலிங் (பந்தை உருட்டிப் பத்துப் பின்களை வீழ்த்தும் ஆட்டம்) ஆடுகிறேன்; இதுவரை சென்டரில் கிடக்கும் 12 பவுண்டு பந்தில்தான் ஆட்டம். வலது கை, ஒரு கேமுக்குச் சராசரி ஸ்கோர் 140-ஐ ஒட்டி. திரையில் காட்டும் வேகம் மணிக்கு 23, 24 கி.மீ. கையைத் திருப்பி விட்டாலும் பந்து வளைவதே இல்லை. 1-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் நடுவில் சரியாகப் பட்டாலும் 5-ஆம் பின்னோ 10-ஆம் பின்னோ நின்றுவிடுகிறது. கடையில் 15 பவுண்டு, அசிமெட்ரிக் கோர் (உள்ளே இருக்கும் எடைக்கட்டி சீரான வடிவில் இல்லாதது), 500 கிரிட் சாலிட் ரியாக்டிவ் (தரையைப் பிடிக்கும் மேலோடு, அதாவது கவர்) பந்தைக் காட்டி, "இருப்பதிலேயே அதிகம் வளைவது இதுதான்" என்கிறார்கள். வாங்கலாமா? ஃபிங்கர்டிப் துளை (விரல் நுனி மட்டும் நுழைவது) இப்போதே போடலாமா, பழகிய பிறகா?

பலகை39:
அந்தப் பந்து இப்ப வேண்டாம். அது நல்ல பந்துதான், ஆனா உங்க வேகத்துக்கு ஒத்துவராது.

ஃபவுல் லைன்ல இருந்து (எறியறப்போ தாண்டக் கூடாத கோடு) முதல் பின் வரைக்கும் 60 அடி. வழக்கமா சென்டர்ல தரை மேல போடற ஆயில் 40 அடி சுமாருக்கு இருக்கும், நடுவுல தடிப்பா, ஓரத்துல மெல்லிசா. மிச்ச 20 அடி உலர்ந்த தரை. பந்து முதல்ல வழுக்கணும், அப்புறம் வளையணும், கடைசியில உருண்டு பின்ல மோதணும். 500 கிரிட்னா மேற்பரப்பு சொரசொரன்னு இருக்கும், ஆயில் இருக்கற இடத்துலயே தரையைப் பிடிக்கும். 24 கி.மீ. வேகத்துல அது பாதி வழியிலேயே வளைஞ்சு முடிஞ்சு, பின்கிட்ட வர்றப்போ திரும்பற வலு இல்லாம நேராப் போகும். பார்க்கப் பெரிய ஹூக்கா இருக்கும், அடி மட்டும் சப்பையா விழும்.

இதை 6-ஆம் பின்னைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். நல்ல அடியில அது விசையோட பக்கவாட்டில் பறந்து 10-ஐ அடிக்கும். பந்து சோர்ந்து வந்தா 6 மெதுவா சாய்ஞ்சு, 10-க்கு முன்னாடியே தரை ஓரத்துக் கால்வாய்ல விழுந்து கிடக்கும். பாக்கெட்டுக்குள்ள, அதாவது 1-3 இடுக்குக்குள்ள, சுமார் 6 டிகிரி கோணத்துல நுழையறதுதான் சிறந்ததுன்னு சொல்வாங்க. நேராப் போற பந்துக்கு அந்தக் கோணம் கிடைக்காது. 1-3 இடுக்குல பட்ட உடனே வலப்பக்கம் ஒதுங்கிடும், 5 நிக்கும். இப்ப உங்களுக்கு நடக்கறது இதுதான். சென்டர் பந்து பாலியஸ்டர், அது உலர்ந்த தரையிலும் பிடிக்காது. உங்க கையைக் குறை சொல்லாதீங்க.

வாங்க வேண்டியது: சிமெட்ரிக் கோர் (சீரான வடிவம்), ரியாக்டிவ் ரெசின், பேர்ல் (கொஞ்சம் அதிகம் வழுக்கறது) அல்லது ஹைப்ரிட் (பேர்லும் சாலிடும் கலந்தது) கவர், 2000-க்கு மேல கிரிட் (எண் கூடினா வழவழப்பு) இல்லன்னா பாலிஷ். விவரச் சீட்டுல ஆர்.ஜி. (எடை மையத்துல இருந்து எவ்வளவு விலகியிருக்குங்கற எண்) 2.50-லிருந்து 2.55, டிஃபரென்ஷியல் (அச்சுக்கு அச்சு ஆர்.ஜி. மாறற வித்தியாசம்) 0.040 பக்கம் இருந்தா போதும். ஆர்.ஜி. குறைஞ்சா சீக்கிரம் உருள ஆரம்பிக்கும், கூடினா இன்னும் கொஞ்ச தூரம் வழுக்கும். டிஃபரென்ஷியல் கூடினா ஒவ்வொரு சுற்றுலயும் புது மேற்பரப்பு தரையைத் தொடும், வளைவுக்கு வலு கூடும். விதிப்படி உச்சம் 0.060, அதனால 0.040 ஒண்ணும் சாது இல்ல. பெட்டியில எழுதியிருக்கற ஹூக் மதிப்பெண்ணை நம்பாதீங்க, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு.

துளைமேசை:
பந்தைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் இந்தப் பணத்தில் பாதி மதிப்பு துளையில்தான் இருக்கிறது.

எடை 14 எடுங்கள். சென்டர் பந்தில் துளை பெரிது, அதனால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள், 12 பவுண்டே பாரமாகத் தெரிகிறது. கைக்கு அளந்து துளைத்த பந்தைப் பிடிக்கத் தேவையில்லை, அது கையில் தொங்கும். ஒன்றிரண்டு பவுண்டு கூடினாலும் தெரியாது. 15 வேண்டாம் என்பதற்குக் காரணம் வேகம்: ஏற்கெனவே 24-தான், இன்னும் குறைந்தால் எந்தப் பந்தும் சீக்கிரம் வளைந்துவிடும். 13-க்கும் இறங்காதீர்கள். பல மாடல்களில் 14, 15, 16-க்கு ஒரே வடிவக் கோர். அதற்குக் கீழே வேறு கோர் வைப்பார்கள், சீட்டில் உள்ள எண்ணும் மாறிவிடும்.

ஃபிங்கர்டிப் இப்போதே போடுங்கள். நடுவிரலும் மோதிரவிரலும் முதல் கணு வரை மட்டும் உள்ளே போகும். கட்டைவிரல் முதலில் கழன்று இந்த இரண்டு விரலும் பிறகு தூக்கினால்தான் சுழற்சி வரும். இரண்டாம் கணு வரை நுழைக்கும் பழைய பிடியில் எல்லா விரலும் ஏறக்குறைய ஒன்றாகக் கழலும். ரியாக்டிவ் பந்துக்குக் கொடுக்கும் பணம் அதில் வீண்.

அளக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை. கை வெந்நீரில் ஊறியோ, நிறைய ஆடி வீங்கியோ இருக்கக் கூடாது. இரண்டு கையையும் அளந்து ஒன்றுக்குப் போட்டுவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எறியும் கையைத்தான் அளக்க வேண்டும். நீங்கள் எறிவதை ஒரு முறையாவது பார்த்து பி.ஏ.பி. குறிக்கச் சொல்லுங்கள், அதாவது பந்து சுழலும் அச்சின் முனை. அங்கிருந்து பின் புள்ளி (கோரின் உச்சி எங்கே என்று பந்தின் மேல் காட்டும் நிறப் புள்ளி) 3 3/8 அங்குலத்தில் இருந்தால் ஃபிளேர் உச்சம், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் புது மேற்பரப்பு தரையைத் தொடுவது அதிகம். உங்களுக்கு 4 1/2-லிருந்து 5 அங்குலம் வரை, அந்தப் புள்ளி விரல்துளைக்கு மேலே. கொஞ்சம் நிதானமாக வளையும், குறி தப்பினாலும் பொறுத்துக்கொள்ளும். பி.ஏ.பி. பார்க்காமல் "எல்லோருக்கும் இப்படித்தான்" என்று துளைப்பவரிடம் பந்தைக் கொடுக்காதீர்கள்.

புதுப்பந்து:
தெளிவாகிவிட்டது, இருவருக்கும் நன்றி. இந்த ஒரு பந்து போதுமா? தெரிந்தவரிடம் பழைய பந்தும் ஒன்று இருக்கிறது, நான்காவதாக ஒரு சின்னத் துளையும் உண்டு.

ஸ்பேர்முக்கியம்:
போதாது. இரண்டாவதாக ஒரு பாலியஸ்டர் பந்து, அதே துளை அளவில். 10-ஆம் பின்னை வளையும் பந்தால் எடுக்கப் போனால் கால்வாயில் விழும், இல்லையென்றால் முன்னாடியே திரும்பிவிடும். உங்கள் சராசரியில் ஸ்ட்ரைக்கை (முதல் எறிதலிலேயே பத்தும் விழுவது) விட இதுதான் முதலில் ஸ்கோரை ஏற்றும்.

பழைய பந்தின் அந்த நான்காவது துளை பேலன்ஸ் துளை, பந்தின் எடைச் சமநிலைக்காகப் போடுவது. அமெரிக்க பௌலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி.யின் விதியில் 2020 ஆகஸ்ட் 1 முதல் பிடிக்கப் பயன்படாத துளை இருக்கக் கூடாது, அடைக்காமல் லீகில் ஆட முடியாது. வாங்குமுன் விரல்துளைகளுக்கு நடுவே நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் விரிசல், அதை விட்டுவிடுங்கள். ரியாக்டிவ் கவர் ஆயிலைக் குடிக்கும். பல வருடம் ஆடிய பந்து என்றால் அந்த ஆயிலை எடுக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

புதுப்பந்து:
14 பவுண்டு, பேர்ல், சிமெட்ரிக், ஃபிங்கர்டிப் போட்டு வாங்கியாயிற்று. 5 நிற்பது குறைந்துவிட்டது. ஆனால் மூன்றாவது கேமில் கட்டைவிரல் சிக்குகிறது, பந்து தாமதமாகக் கழன்று தொப்பென்று விழுகிறது. துளையைப் பெரிதாக்கச் சொல்லவா?

துளைமேசை:
முதல் கேமில் சிக்குகிறதா, மூன்றாவதில் மட்டுமா? மூன்றாவதில் மட்டும் என்றால் விரல் வீங்குகிறது. எல்லோருக்கும் வீங்கும். துளையில் டேப் ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

புதுப்பந்து:
மூன்றாவதில்தான். டேப் இல்லை.

துளைமேசை:
அப்படியென்றால் முதல் கேமின் விரலுக்கு அளந்து அப்படியே விட்டிருக்கிறார்கள். துளையை ஒரு பிடி பெரிதாக்கச் சொல்லுங்கள், முதல் கேமில் இரண்டு மூன்று டேப் ஒட்டினால்தான் கச்சிதமாக இருக்கும் அளவுக்கு. விரலின் நகப்பக்கம் வழவழப்பான டேப்பை ஒன்றின் மேல் ஒன்றாக, துளை விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். விளிம்பு வரை ஒட்டினால் ஓரம் எழும்பி, அதுவே விரலைப் பிடிக்கும். 3/4 அங்குலமா 1 அங்குலமா என்பது விரல் பருமனைப் பொறுத்தது. இறுகும்போது ஒன்று உரித்தெடுங்கள். உரிப்பதற்கு ஒரு சின்னச் சாமணம் பையில் இருக்கட்டும்.

பெரிதாக்கும் முன் ஸ்பானையும் (கட்டைவிரல் துளைக்கும் விரல்துளைகளுக்கும் இடையே உள்ள தூரம்) பாருங்கள். விரல்களை முழுதாக நுழைத்துப் பிடித்தபடி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தோலைப் பாருங்கள். வெளுத்து இழுத்துக்கொண்டிருந்தால் ஸ்பான் நீளம், டேப்பால் சரியாகாது, அடைத்துத் திரும்பத் துளைக்க வேண்டும். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே பென்சில் தாராளமாக ஓடினால் ஸ்பான் குட்டை. நீங்கள் அறியாமலே கட்டைவிரலை மடக்கிப் பிடிப்பீர்கள், அந்த விரல் முட்டியில் தோல் உரியும்.

பலகை39:
இன்னொண்ணு. ஒவ்வொரு எறிதலுக்கும் முன்னாடி மைக்ரோஃபைபர் துணியால ஆயிலைத் துடைங்க, முடிச்சதும் கிளீனர் போட்டுத் துடைங்க. அசிட்டோன் கிட்டயே கொண்டுபோகாதீங்க, கவரை மென்மையாக்கிடும். வெயில்ல நிக்கற கார் டிக்கியில பந்தை விட்டுட்டும் போகாதீங்க.

புதுப்பந்து:
தோல் இழுக்கவில்லை, பென்சிலும் ஓடவில்லை. துளையைப் பெரிதாக்கி மூன்று டேப் ஒட்டினேன். இரண்டாவது கேம் முடிந்ததும் ஒன்று உரித்தேன், மூன்றாவதில் சிக்கவில்லை.