சூசரென்ட்டிக்குத் தமிழில்: ‘புறவாண்மை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் குழு தொகுக்கும் வெளியுறவு வரலாற்றுச் சொற்பட்டியலில் ‘சூசரென்ட்டி’ (suzerainty: ஒரு நாட்டின் உள்நாட்டு ஆட்சியை அதனிடமே விட்டு, அதன் வெளியுறவை வேறொரு நாடு கையில் வைத்திருப்பது) இன்னும் தமிழாகாமல் அப்படியே நிற்கிறது. உங்களிடமிருந்து மேலாதிக்கம், மேலிறைமை, திறையாண்மை என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் எனக்கு நெருடுகின்றன.

இந்தச் சொல் இல்லாமல் நம் வெளியுறவுக் கொள்கையின் ஒரு முக்கியக் கட்டத்தைத் தமிழில் எழுதவே முடியவில்லை. 1950 ஆகஸ்டில் நம் சீனத் தூதர் கே. எம். பணிக்கர், திபெத் பற்றிச் சீன அரசிடம் ஒரு குறிப்பு கொடுத்தார். திபெத்தின் மீது சீனாவுக்கு இருப்பது சூசரென்ட்டி என்றே அதுவரை டெல்லி பேசிவந்தது. குறிப்பில் போனதோ சாவரின்ட்டி, அதாவது இறையாண்மை. முன்னதில் உள்நாட்டு நிர்வாகம் திபெத்தியர் கையில் இருக்கும். பின்னதில் எல்லாமே சீனாவுக்கு. 1954 ஏப்ரல் 29 ஒப்பந்தத்தில் ‘சீனாவின் திபெத் பகுதி’ என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பிரிட்டன் 2008 வரை அந்தப் பழைய சொல்லை விடவில்லை. சமீபத்தில் படித்த ஒரு தமிழ்க் கட்டுரையில் இரண்டுக்கும் இறையாண்மை என்றே போட்டிருந்தது. அந்தப் பத்தியில் என்ன நடந்தது என்பதே புரியவில்லை.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

மேலாதிக்கம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. அமெரிக்க மேலாதிக்கம், சாதி மேலாதிக்கம் என்று கண்டனக் கூட்டங்களில் புழங்கும் சொல் அது. உடன்படிக்கையில் எழுதும் சொல்லுக்கு அந்தக் கோபம் கூடாது. மேலிறைமை என்றால் இறைமையைவிடப் பெரியது என்று தோன்றும். சூசரென்ட்டி அதைவிடச் சிறியது.

நம் குழுவின் குடியாத்தம் ஐயா தந்த திறையாண்மையை விட எனக்கு மனம் வரவில்லை. திறை, அதாவது கப்பம், சங்க காலச் சொல்; வாயில் நன்றாக உருள்கிறது. ஆனால் திறை இந்த உறவின் மையம்தானா? 1949 பூட்டான் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதன் 2ஆம் பிரிவுப்படி வெளியுறவில் பூட்டான் இந்தியாவின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். அதே ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தது இந்தியா. பெரிய நாடு பணம் கொடுக்கும் இடத்தில் திறை என்று எப்படி எழுதுவது? (அந்த 2ஆம் பிரிவை 2007இல் மாற்றிவிட்டார்கள்.) இன்னொன்று, இறையாண்மைக்கும் திறையாண்மைக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். அச்சில் ‘இ’யும் ‘தி’யும் இடம் மாறினால் பொருள் தலைகீழாகிவிடும்.

எனக்குச் சொல் கிடைத்தது வேலூர்க் கோட்டையில். பதினோராம் வகுப்புப் படிக்கும் பேத்தியோடு போன ஞாயிறு அங்கே போயிருந்தேன். அகழி ஓரம் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். திப்புவின் பிள்ளைகளை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேட்டாள். திப்பு 1785இல் துருக்கி சுல்தானிடம் தூது அனுப்பியவர், 1787இல் பிரான்சுக்கும் அனுப்பியவர். 1799 மே மாதம் அவர் போரில் இறந்ததும், மைசூரின் பழைய அரச மரபான உடையார் குடும்பத்து ஐந்து வயதுக் குழந்தையை அரியணையில் உட்கார வைத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒப்பந்தம் எழுதியது. கம்பெனிக்கு முன்கூட்டித் தெரிவித்து, அதன் அனுமதி பெறாமல் எந்த வெளி அரசோடும் கடிதப் போக்குவரத்துகூட வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு. பாடப்புத்தகத்தில் ‘துணைப்படைத் திட்டம்’ என்று படிக்கிறாளே, அதன் உயிர்நாடி இந்தப் பிரிவுதான் என்றேன்.

“அப்படின்னா தாத்தா, வீட்டுக்குள்ள அவர் ராஜா. வாசப்படி தாண்டணும்னா கம்பெனியைக் கேக்கணும், அதானே?” என்றாள்.

அதேதான். அகம் உள்ளே இருப்பவனிடம், புறம் வேறொருவனிடம். வேற்றரசோடு பகையும் தூதும் நமக்குப் புறத்திணைதானே? ஆகவே புறம் + ஆண்மை, புறவாண்மை. மரம் + அடி மரவடி ஆவதுபோல.

இதே கோட்டையில் கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கனும் சிறையிருந்து 1832இல் இறந்தார். ஆனால் 1815 கண்டி ஒப்பந்தம் நாட்டையே பிரிட்டிஷ் முடியிடம் ஒப்படைத்தது. அங்கே கைமாறியது இறையாண்மை. மைசூரில் கைமாறியது புறவாண்மை.

ஒரு தடை எழும் என்று தெரியும். அரசியல் பாடத்தில் ‘வெளிப்புற இறையாண்மை’ என்று ஒன்று இருக்கிறது, குழம்பாதா என்று நம் குழுவின் ஆரணி அம்மா கேட்பார்கள். அது ஒரு நாடு தன் வெளியுறவைத் தானே வைத்திருப்பது. புறவாண்மை எப்போதும் இன்னொரு நாட்டின் ‘மீது’ இருப்பது. அந்த ‘மீது’ கூடவே வந்தால் குழப்பம் வராது. எழுதிப் பார்த்தேன்:

திபெத்தின் மீது சீனாவுக்குப் புறவாண்மை உண்டு, இறையாண்மை இல்லை என்பது பிரிட்டனின் பழைய நிலைப்பாடு.

1799க்குப் பின் மைசூர், கம்பெனியின் புறவாண்மைக்கு உட்பட்ட அரசு.

படிக்கத் தடங்கல் இல்லை என்றே நினைக்கிறேன். நீங்களும் உங்கள் பத்திகளில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், 1950 டிசம்பர் ஒப்பந்தத்தில் சிக்கிமை ‘புரொட்டக்டரேட்’ என்றார்கள். அதற்குக் ‘காப்புநாடு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். அங்கே பாதுகாப்பும் டெல்லியின் பொறுப்பாக இருந்ததால் புறவாண்மை மட்டும் போதாது. அதை அடுத்த மடலில் எழுதுகிறேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து