மறு: எலக்ட்ரோலைட் – மின்பகுளியா, உப்பா, அயனியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். எலக்ட்ரோலைட் (கரைந்தால் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) என்பதற்கு மருத்துவத் தமிழில் 'அயனி' என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. அதற்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> பாடநூலில் 'மின்பகுளி' இருக்கிறது. ஈழத்தில் 'மின்பகுபொருள்'. இதற்குமேல் புதுச்சொல் எதற்கு?

வேதியியல் வகுப்புக்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம். மின்கலத்தைப் பற்றி எழுதினால் நானும் மின்பகுளி என்றே எழுதுவேன். என் கவலை இரத்தப் பரிசோதனைத் தாளைப் பற்றியது. அதில் 'எலக்ட்ரோலைட்' என்ற தலைப்பின் கீழ் வருபவை சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட். இவற்றை எந்த மின்சாரமும் பகுக்கவில்லை. ஆங்கிலேய அறிவியலாளர் ஃபாரடே 1834இல் எலக்ட்ரோலைட் என்று பெயர் வைத்தபோது, மின்னோட்டம் பாய்ந்தால்தான் பொருள் பிரியும் என்ற எண்ணம் இருந்தது. தண்ணீரில் கரைந்த உடனேயே உப்பு அயனிகளாக, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களாக, பிரிந்துவிடுகிறது என்று பிறகு சுவீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் நிறுவினார்; 1903இல் அதற்காக நோபெல் பரிசும் பெற்றார். ஆங்கிலம் பழைய பெயரை அப்படியே வைத்துக்கொண்டது. உடலைப் பற்றிப் பேசும்போது நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

> நோயாளிக்குப் புரிய 'உப்பு' போதும். மருத்துவர்களே அப்படித்தானே சொல்கிறார்கள்?

இதை முழுமையாக மறுக்கிறேன். உப்பு என்ற ஒரே சொல்லின் தலையில் ஏற்கெனவே மூன்று பொருளை ஏற்றியிருக்கிறோம். கிரியாட்டினின் கூடினால் "ரத்தத்துல உப்பு ஏறிடுச்சு". கர்ப்பிணியின் சிறுநீரில் அல்புமின் தெரிந்தால் "நீர்ல உப்பு இருக்கு". சோடியம் இறங்கினால் "உப்பு குறைஞ்சிருக்கு". கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அல்புமின் ஒரு புரதம். சோடியம் மட்டுமே சமையல் உப்போடு உறவுள்ளது.

அந்த உறவும் ஏமாற்றும். இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். இதயம் பலவீனமானவருக்கு 125 என்று வந்தால், பெரும்பாலும் உடலில் தண்ணீர் தேங்கி சோடியம் நீர்த்துப்போயிருக்கிறது என்று பொருள். மருத்துவர் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார். வீட்டிலோ "உப்பு குறைஞ்சிடுச்சாம்" என்று ஊறுகாயை எடுத்து வைப்பார்கள். கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் கூடும்.

பொட்டாசியத்தில் ஆபத்து இன்னும் பெரிது. அதன் அளவு 3.5 முதல் 5 வரைதான், 6.5ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். "உப்பைக் குறைக்கணும்" என்று கேட்ட சிறுநீரக நோயாளி, சோடியம் குறைந்த மாற்று உப்பை வாங்குகிறார். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. உடம்புக்குக் குளிர்ச்சி என்று குடிக்கும் இளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டு. இரண்டும் அவருக்குக் கேடு. உப்பு என்ற சொல்லுக்குள் சோடியமும் பொட்டாசியமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்வரை இதை அவருக்கு விளங்க வைக்க முடியாது. (இந்துப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.)

எனவே என் முன்மொழிவு: பொதுவாக உடல் அயனி, பரிசோதனைத் தாளில் குருதி அயனிகள். ஈழத்து வழக்கில் உடல் அயன், குருதி அயன்.

அயனி கடினமான சொல் என்று ஒருவர் எழுதியிருந்தார். பள்ளி அறிவியல் பாடத்திலேயே வருகிற சொல் அது. அடுத்த கருத்துகளுக்கும் அது வழிவிடுகிறது. உயிரணுவுக்குள் பொட்டாசியம் மிகுதி, வெளியே சோடியம் மிகுதி. சவ்வில் உள்ள ஒரு புரதம் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. நரம்பு செய்தி கடத்துவதும் தசை சுருங்குவதும் இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான். இதை 'உப்பு' கொண்டு எழுதிப் பாருங்கள், இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிடும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் குளுக்கோஸ் ஏன் இந்தப் பட்டியலில் சேராது என்ற கேள்விக்கும் விடை சொல்லிலேயே இருக்கிறது: அது கரையும், அயனியாகப் பிரியாது.

இவற்றின் அளவு பிறழ்வதற்கு 'அயனிச் சமன்குலைவு' என்று ஒரு நண்பர் தந்திருக்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சோடியம் மட்டும் தனியாக இறங்கும்போது அது பொருந்தவில்லை; அங்கே 'சோடியக் குறைவு', 'பொட்டாசிய மிகை' என்று நேரடியாகவே எழுதலாம் என்பேன்.

மருத்துவமனையில் பணிபுரிவோர் யாராவது, நோயாளிகளிடம் 'குருதி அயனி' என்று சொல்லிப் பார்த்து அவர்கள் திருப்பி என்ன கேட்டார்கள் என்று எழுதினால் பெரும் உதவி. சிறுநீரக நோயாளிகளுக்கான உணவுக் கையேட்டை அதை வைத்தே திருத்த நினைக்கிறேன்.