மறு: ஸ்மார்ட் தண்ணீர் மீட்டருக்குத் தமிழ்ச்சொல் – ‘அளவுசொல்லி’ என்று முன்மொழிகிறேன்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அளவைத் தானே அலுவலகத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் தண்ணீர் மீட்டருக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டு, இந்த இழையைத் தொடங்கிவைத்த ஆத்தூர் ஐயாவுக்கு நன்றி. சேலத்தில் குழாய்ப் பணியாளர்களுக்காகத் தயாராகிவரும் பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அதனால் இந்தச் சொல் எனக்கு உடனடித் தேவை. இதுவரை வந்தவை: திறன் நீர்மானி, அறிதிறன் மீட்டர், சீர்மிகு மீட்டர், நுண்ணறி நீர்மானி, சூட்டிகை அளவி. ஐந்துமே ‘ஸ்மார்ட்’ என்ற அடைமொழியைத் தமிழாக்குகின்றன. கருவி என்ன வேலை செய்கிறது என்பதை ஒன்றுகூடச் சொல்லவில்லை. என் மறுப்பு இதுதான்.

அந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். அதற்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று எண்ணுவது. குழாய்த் தண்ணீர் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது, பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியை லிட்டராக மாற்றி டயலில் காட்டுகின்றன. வீட்டு மீட்டருக்கான ஐ.எஸ். 779 என்ற இந்தியத் தர நிர்ணயம் பேசுவது இந்தப் பகுதியைப் பற்றித்தான். இரண்டாவது, மேலே பொருத்தப்பட்ட மூடிய பெட்டி. அதில் ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு சிறு கணிப்பான், ஒரு ரேடியோ. இந்தப் பெட்டிக்குத் தண்ணீரைப் பற்றி எதுவும் தெரியாது. டயலுக்குள் சுழலும் காந்தம் கடந்துபோகும்போதெல்லாம் ரீட் சுவிட்ச், அதாவது காந்தம் பட்டால் இயங்கும் சிறு சுவிட்ச், ஒரு மின்துடிப்பைத் தருகிறது. ஒரு லிட்டருக்கு ஒன்று, பத்து லிட்டருக்கு ஒன்று என்று வரும் அந்தத் துடிப்புகளைப் பெட்டி கூட்டி வைத்துக்கொள்கிறது, குறித்த நேரத்தில் அனுப்புகிறது. சக்கரம் இல்லாமல், காதுக்குக் கேட்காத ஒலியலையால் அளக்கும் மீயொலி மீட்டர்களில் இரண்டும் ஒரே உறைக்குள் இருக்கும். ஆனால் வேலை அங்கும் இரண்டுதான்.

எண்ணுவதும் சொல்வதும் வேறு வேறு என்பதைப் பெயர் மறைக்கக் கூடாது. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வீட்டுக்காரருக்கு வரும் தகராறு எல்லாம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

இடைவிட்டுத் தண்ணீர் வரும் நம் ஊர்களில், தண்ணீர் நின்றிருக்கும் நாள்களில் குழாய் முழுவதும் காற்று நிரம்பிவிடுகிறது. அடுத்த முறை வால்வைத் திறந்ததும் முதலில் வெளியேறுவது அந்தக் காற்று. சக்கர மீட்டருக்குக் காற்றும் தண்ணீரும் ஒன்றுதான். காற்று வேகமாகவே சுழற்றும். ஒரு சொட்டு விழுவதற்குள் எண் ஓடியிருக்கும். மேலே எத்தனை உயர்ந்த ரேடியோவைப் பொருத்தினாலும் இந்தப் பிழை தீராது. தப்பான எண்ணை அது மிகத் துல்லியமாக அலுவலகத்துக்கு அனுப்பும். ‘அறிதிறன்’ என்றும் ‘நுண்ணறி’ என்றும் பெயர் சூட்டிவிட்டால், காற்றுக்குக் காசு கட்டும் குடும்பம் கேள்வி கேட்கத் தயங்கும். கருவியே அறிவுள்ளது என்று பெயரில் எழுதியிருக்கிறதே!

எதிர்ப்புறமான பழுதும் உண்டு. வெளியிலிருந்து வலுவான காந்தத்தை ஒட்டினாலோ சுவிட்ச் கெட்டாலோ, டயல் சரியாக ஓடிக்கொண்டிருக்கும், பெட்டி மட்டும் துடிப்பைத் தவறவிடும். டயலில் ஓர் எண், பில்லில் வேறோர் எண். இங்கே எண்ணியது சரி, சொன்னது பிழை. புகார் எழுத வரும் ஒரு பாட்டிக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல இரண்டு பெயர்கள் வேண்டாமா?

> திறன்பேசி என்று ஏற்றுக்கொண்டோம். அதே வழியில் திறன்மானி என்றால் என்ன குறை?

ஓமலூர் நண்பருக்கு: குறை பெரியது ஐயா. பள்ளி இயற்பியலில் ‘திறன்’ என்பது வேலை செய்யப்படும் வீதம், வாட் அலகில் அளக்கப்படுவது. திறன்மானி என்றால் மாணவர் கண்முன் வருவது வாட்மீட்டர்தான். மானி என்று முடியும் சொற்களில் முன்னால் நிற்பது அளக்கப்படும் பொருள்: வெப்பமானி வெப்பநிலையை அளக்கிறது, மழைமானி மழையை அளக்கிறது. திறன்மானி திறனை அளக்க வேண்டும். கருவியே திறனுடையது என்ற பொருளை அந்த அமைப்பு தாங்காது. பேசியில் இந்தச் சிக்கல் எழவில்லை, ஏனென்றால் அங்கே எதுவும் அளக்கப்படவில்லை.

‘நீர்மானி’யிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வகத்தில் திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழலுக்கு, அதாவது ஹைட்ரோமீட்டருக்கு, அந்தப் பெயரை வழங்கிவருகிறோம். பால்மானி அதன் தங்கை. தண்ணீர் மீட்டர் என்பது ஏற்கெனவே குழாய்ப் பணியாளர், வீட்டுக்காரர், கணக்கர் மூவர் வாயிலும் புழங்குகிறது. எண்ணும் பகுதிக்கு ‘மீட்டர்’ அப்படியே இருக்கட்டும். புதிதாக வந்தது சொல்லும் பகுதி. புதிய சொல் அதற்குத்தான் தேவை.

அந்தப் பெட்டிக்கு ‘அளவுசொல்லி’ என்ற பெயரை முன்மொழிகிறேன். மீட்டரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அளவுசொல்லி மீட்டர்’. அளவு என்ற பெயரும் சொல் என்ற வினையும் எல்லோருக்கும் தெரிந்தவை, விளக்கவுரை தேவையில்லை.

> சொல்லி என்பது பேச்சுவழக்கு போல ஒலிக்கிறது, அறிவியல் மிடுக்கு இல்லை.

ஏற்காட்டு அம்மையாரின் இந்தக் கருத்தைக் கவனமாக எண்ணிப் பார்த்தேன். தொலைபேசி, வழிகாட்டி, ஒலிபெருக்கி, கதைசொல்லி எல்லாமே இந்த ஆக்கம்தான். வினையோடு ‘இ’ சேர்ந்தால் செய்பவர் அல்லது செய்யும் கருவி. முதன்முதலில் தொலைபேசி என்று எழுதியபோது அதுவும் எளிமையாகத்தான் ஒலித்திருக்கும். மிடுக்கு பழக்கத்தில் வரும். ‘அறிவிப்பி’ என்று நீங்கள் தந்த மாற்றுச் சொல்லில், எதை அறிவிக்கிறது என்பது விடுபட்டுவிடுகிறதே அம்மா. தீ அறிவிப்பி, கதவு அறிவிப்பி என்று வேறு பலவற்றுக்கு அது தேவைப்படும். அங்கே அது பொருத்தமாக நிற்கும்.

சிலர் ‘அளவுச்சொல்லி’ என்று ஒற்று மிகுத்து எழுதியிருந்தீர்கள். அளவைச் சொல்லுவது என்ற இரண்டாம் வேற்றுமைத் தொகை இது. கதைசொல்லியில் மிகாதது போல இங்கும் மிகாது.

அடுத்து ஒருவழி, இருவழி. முதல் தலைமுறைப் பெட்டிகள் சொல்ல மட்டும் செய்தன. தெருவில் நடந்துகொண்டே கைக்கருவியில் வாங்கிக்கொள்ளலாம், வண்டியில் போய்க்கொண்டும் வாங்கலாம். இப்போது வருபவை கட்டளையையும் ஏற்கின்றன: கடிகாரத்தைத் திருத்து, ஒரு மணிக்கு ஒரு முறை பதிவு செய், வால்வு இருந்தால் மூடு. இவற்றை ‘ஒருவழி அளவுசொல்லி’, ‘இருவழி அளவுசொல்லி’ என்று பிரித்தால் போதும். இருவழிப் பெட்டிக்கு ‘உரையாடி’ என்று வந்த பரிந்துரை அழகானது. ஆனால் அது இந்தக் கருவியின் இயல்புக்கு ஒவ்வாது. மின் மீட்டருக்குப் பக்கத்திலேயே மின்சாரம் இருக்கிறது. தண்ணீர் மீட்டருக்கு அந்த வசதி இல்லை. ஒரே பேட்டரி பத்து ஆண்டுகளுக்கு மேல் தாங்க வேண்டும். ஆகவே பெட்டி பெரும்பாலும் உறங்கிக் கிடக்கிறது. குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவுக்குச் சிறு செய்திகளை அனுப்பும் லோராவான் (LoRaWAN) என்ற ரேடியோ முறையின் அடிப்படை வகையில், செய்தி அனுப்பி 1 வினாடி கழித்து ஒரு முறையும் 2 வினாடி கழித்து ஒரு முறையும் மிகச் சிறிது நேரம் காது கொடுக்கும். அவ்வளவே. அலுவலகம் எப்போது கட்டளை தந்தாலும், அது அடுத்த முறை வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதை உரையாடல் என்று சொன்னால், பொத்தானை அழுத்தியதும் வால்வு மூடும் என்று பணியாளர் நம்பிவிடுவார்.

இனி அந்தச் செய்திகளை வாங்கும் நிலையம். ஆங்கிலத்தில் ‘கேட்வே’ எனப்படும் அதற்கு ‘நுழைவாயில்’ வேண்டாம் என்பது என் கருத்து. பல நூறு பெட்டிகளின் செய்திகளை ஓரிடத்தில் சேர்த்து இணையத்துக்கு அனுப்புவதால் ‘திரட்டி’ என்பதே சரி. வலைப்பதிவுக் காலத்திலிருந்தே இணையத் தமிழில் வாழும் சொல் அது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் உச்சிதான் அதற்கு வாய்ப்பான இடம் என்பதால், கையேட்டில் ‘தொட்டித் திரட்டி’ என்ற தொடரும் வரும்.

> சேர்வராயன் மலை மேல் ஒரே ஒரு திரட்டி வைத்தால் சேலம் முழுக்கக் கேட்குமே?

கேள்வி சொல்லைப் பற்றியது அல்ல என்றாலும், கையேட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டியது. மலை 1,500 மீட்டர் உயரம். அங்கிருந்து நகரம் விரித்த பாய்போல் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ரேடியோவுக்குக் கேட்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் நேர்கோட்டிலேயே பதினைந்து கிலோமீட்டர் அளவு தொலைவு. செய்தி அனுப்பும் பெட்டியோ தரைக்குக் கீழே குழியில், இரும்பு மூடிக்கு அடியில், மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீருக்குள் இருக்கிறது. இரும்பும் தண்ணீரும் அலையின் வலுவைப் பெருமளவு குடித்துவிடும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இந்த வேலைக்குப் பயன்படும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசை, வைஃபையின் 2,400 மெகாஹெர்ட்ஸைவிடச் சுவரையும் மண்ணையும் நன்றாகத் தாண்டும். ஆனாலும் குழியிலிருந்து மலைக்கு எட்டும் என்று நம்பித் திட்டமிட முடியாது. இன்னொன்று: லோராவானில் பெட்டிகள் முறை வைத்துப் பேசுவதில்லை, அதனதன் நேரத்துக்குப் பேசிவிடும். நகரம் முழுவதையும் ஒரே காது கேட்டால் செய்திகள் ஒன்றின் மேல் ஒன்று மோதி அழியும். சூரமங்கலத்துக்கும் அம்மாபேட்டைக்கும் கொண்டலாம்பட்டிக்கும் அங்கங்கே தொட்டித் திரட்டிகள் இருப்பதுதான் நல்லது. நகரமலை, ஜருகுமலை மறைக்கும் பகுதிகளைத் தனியே நடந்து சோதிக்க வேண்டும். இரும்பு மூடியைக் கூட்டுநெகிழி மூடியாக மாற்றுவது பல இடங்களில் புதிய திரட்டியைவிட மலிவான தீர்வு.

கையேட்டில் வரும் வேறு இரண்டு சொற்கள்: ‘கணக்கில் வராத நீர்’, ‘வருவாயில்லா நீர்’. இழையில் சிலர் இரண்டையும் ஒன்றாகக் கருதி எழுதியிருந்தார்கள். இரண்டும் வேறு. தெருக்குழாயில் இலவசமாகப் பிடிக்கும் தண்ணீரும் தீயணைப்பு வண்டி நிரப்பும் தண்ணீரும் வருவாய் தராதவை, ஆனால் கணக்கில் வருபவை. மேட்டூர்த் தொட்டில்பட்டியிலிருந்து பல கிலோமீட்டர் இறைத்துக் கொண்டுவரும் தண்ணீர் வழியில் கசிவது வேறு வகை, அது வருவாயும் தராது, கணக்கிலும் வராது. ஏழைத் தெருவின் குழாயைக் கசிவோடும் களவோடும் ஒரே சொல்லில் அடைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு, விளக்கத்தோடு கையேட்டில் தருகிறேன்.

சேலத்துக்காரர்களுக்கு ஒரு நினைவூட்டல். 1916இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியலுக்குத் தமிழ்ச்சொல் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியது இந்த ஊரில்தான். அடுத்த ஆண்டு இராஜாஜி சேலம் நகராட்சித் தலைவரானார். சொல்லாக்கமும் நகரின் குடிநீரும் ஒரே மனிதரின் மேசைக்கு வந்த ஊர் இது. அந்தத் தலைமுறை வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் சொல் தேடியது. நாம் நம் வாசலில் புதைக்கப்படும் பெட்டிக்குத் தேடுகிறோம். இதை அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட எனக்கு விருப்பமில்லை.

இப்போதைக்கு நான் எழுதத் தொடங்கியிருக்கும் சொற்கள்: மீட்டர், அளவுசொல்லி, ஒருவழி, இருவழி, திரட்டி, தொட்டித் திரட்டி. மாற்றம் வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். சொல் மட்டும் அனுப்பினால் எடைபோடுவது கடினம்.

ஒன்றுக்கு இன்னும் சொல் அமையவில்லை. ஊர் உறங்கும் பின்னிரவு 2 மணி முதல் 4 மணிக்குள், ஒரு பகுதிக்குள் நுழையும் தண்ணீரின் மிகக் குறைந்த அளவைக் குறித்து, அதைக் கொண்டு கசிவை மதிப்பிடுகிறார்கள். ‘இரவுக் குறும ஓட்டம்’ என்று வந்த பரிந்துரை பொருள் சரி, வாயில் நுழையவில்லை. ‘சாமநீர்’ என்று எழுதிப் பார்த்தேன். சாமம் என்றால் இளைய பணியாளர்களுக்குப் புரியுமா என்ற ஐயம் இருக்கிறது. வால்வு திறக்கும் வேலையில் இருப்பவர்களோடு பழக்கமுள்ள நண்பர்கள், அந்த நேரத்து ஓட்டத்தை அவர்கள் தங்களுக்குள் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும்.

அன்புடன்,
அஸ்தம்பட்டியிலிருந்து