வேலூர்ப் பக்கம் மெல்லிய மரச்சட்டம் அறுத்துத் தருபவர் உண்டா?

வணக்கம் நண்பர்களே. 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டப்பட்டு, இன்று இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் இருக்கும் 'டிரிங்கோமாலி' போர்க்கப்பலை நூறில் ஒரு பங்கு அளவில் செய்துவருகிறேன். எலும்புக்கூடு தயார். மேலே பலகை ஒட்டுவதில்தான் வேலை நிற்கிறது.

ஒரு மில்லிமீட்டர் கனம், ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் ரீப்பர் வேண்டும். மரக்கடையில் கேட்டால் ஓட்டுக்கூரைக்கு அடிப்பதை எடுத்துக் காட்டுகிறார்கள்! காட்பாடி, ராணிப்பேட்டையில் சிறிய வட்ட ரம்பம் வைத்திருப்பவர் யாரையாவது தெரியுமா? அசல் கப்பல் தேக்குதான். ஆனாலும் இந்த அளவில் தேக்கின் ரேகை முரடாகத் தெரியும். மஞ்சக்கடம்பு கிடைத்தால் உத்தமம்.

இன்னொன்று. முன்முனை வளைவுக்குப் பலகையை ஊறவைத்து, சூடான குழாயில் வளைக்கிறேன். நம் ஊர் வெயிலில் அது சுருங்கி இடைவெளி விடுகிறது. ஒட்டுவதற்கு முன் எவ்வளவு நேரம் காயவிடுகிறீர்கள்?

தீக்குச்சியில் தோணி செய்து படம் போட்ட குடியாத்தம் தம்பிக்கு: பாய்மரம் நேராக நிற்கிறதே, அதுவே பாதி வெற்றி. கயிறு கட்டும் நூலைத் தேன்மெழுகின்மேல் இழுத்தெடு, பிசிறு அடங்கும். ரீப்பர் கிடைத்தால் உனக்கும் ஒரு கட்டு எடுத்துவைக்கிறேன்.