மறு: 'பெர்ஹனா' வகைச் சொற்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

> நன்னூலிலேயே 'இடக்கரடக்கல்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, சாபச்சொல்லைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் வேறு சொல்லாகத் திருப்பிவிடும் 'பெர்ஹனா' போன்ற ஃபின்னியச் சொற்களுக்குப் பெயர் தேடி நானும் அதில்தான் தொடங்கினேன். கூச்சமான சொல்லை வேறு சொல்லால் மறைப்பதுதான் இடக்கரடக்கல்; இங்கே ஒட்டவில்லை. 'கால் கழுவி வந்தேன்' என்கிறபோது கூச்சப்பட்ட சொல் ஓசைகூட மிச்சமில்லாமல் மறைந்துவிடுகிறது. நான் வசனவரி எழுதும் ஃபின்னியப் படத்தில் ஒரு காட்சி: பனியில் கார் கிளம்பவில்லை. ஓட்டுபவர் 'பெர்ர்ர்...' என்று ரகரத்தை உருட்டிவிட்டார். பின்னிருக்கையில் மகள் இருப்பது அப்போதுதான் உறைக்கிறது. 'பெர்கெலெ' என்று முடியவேண்டியது 'பெர்ஹனா'வில் போய் நிற்கிறது. 'ஸாத்தனா' என்னும் சாத்தான் 'ஸாக்கெலி' ஆவதும் இப்படித்தான். நம் 'ங்கொய்யால'வும் இதே ரகம். எங்கே போகவேண்டிய சொல் எங்கே திரும்பியது என்று கேட்கிற எல்லாருக்கும் தெரியும்.

தவிர, பெர்கெலெயில் ஆபாசம் கிடையாது. பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் பிசாசின் பெயர். அதற்கும் முன்னால், லிதுவேனியரின் பெர்கூனாஸ் போல, இடிக்கடவுளைக் குறித்திருக்கும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 'ஹித்தோ' என்ற இன்னொரு சாபச்சொல்லுக்கு மூலமான 'ஹீஸி' ஒருகாலத்தில் புனிதத் தோப்பு, நம்மூர்க் கோயில்காடு மாதிரி. கிறித்தவம் வந்தபின் அதில் பேய் குடியேறிவிட்டது! (உடலுறுப்பு வசைகளும் அங்கே தாராளமாக உண்டு. அவற்றை மறைக்கும் சொற்களுக்கு வேண்டுமானால் இடக்கரடக்கல் பாதி பொருந்தும்.)

> 'மரூஉ வசை' என்றால் என்ன?

அழகாக இருக்கிறது அம்மா. ஆனால் தஞ்சாவூர் 'தஞ்சை' ஆனது புழங்கிப் புழங்கித் தேய்ந்து. இங்கே வேண்டுமென்றே, அதுவும் நாக்கு நுனியில் வந்தபிறகு, திருப்புகிறார்கள். வசைக்கு எதிராளியும் வேண்டுமே; கார்க்காரர் யாரை வைதார்? ஃபின்னியரே இவற்றை 'கிரோஸனா', அதாவது சாபச்சொல் என்றுதான் சொல்கிறார்கள்.

முதலில், சொல்லின் கடைசிப் பகுதி திரிவதால், 'கடைத்திரி சாபம்' என்று எழுதிப் பார்த்தேன். நரகம் எனப் பொருள்படும் 'ஹெல்வெத்தி', 'ஹெம்மெத்தி' ஆகும்போது திரிவது இடை. அதனால் 'கடை'யை வெட்டிவிட்டேன். மிஞ்சியது திரிசாபம். செய்யுளில் வரும் அருஞ்சொல்லைக் குறிக்கும் 'திரிசொல்'லோடு குழம்பும் என்று யாராவது சொல்வீர்கள். எனக்கு அந்தச் சாயல் பிடித்திருக்கிறது.

வசனவரியில் இப்போதைக்கு, "சனிய... சனிக்கிழமையும் அதுவுமா இப்படிப் படுத்துதே" என்று போட்டிருக்கிறேன். அடுத்த காட்சியில் மகள் பள்ளிக்கூட வாசலில் இறங்குகிறாள் என்பதுதான் இடிக்கிறது.